சலவைக்கல்லில் ஒரு மரணப்படுக்கை: நவசெவ்வியல் சிற்பம் குறித்துச் சில குறிப்புகள்

கடந்த மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, வோபர்னில் நண்பர் ஒருவரின் பேஸ்மென்ற்றில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். அன்றைய பேச்சு காலனித்துவமும் கலையும் பற்றியது. நான் எனது பழைய கோப்பொன்றிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துச் சுற்றுக்கு விட்டேன். தஞ்சாவூரில் ஒரு தேவாலயத்துச் சுவரில் உள்ள சலவைக்கல் புடைப்புச் சிற்பம் அது. கட்டிலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இறந்துகொண்டிருக்கிறார். தலைப்பாகை அணிந்த இளம் அரசன் ஒருவன் அவரது கையைப் பிடித்தபடி நிற்கிறான். இருபது வருடங்களுக்கு மேலாக என்னை விட்டுப் போகாத படம் இது என்று சொன்னேன்.

படம் ஒரு சுற்று வந்து முடிந்ததும் நண்பர் ஒருவர் கேட்டார்: "மாஸ்ரர், இது வெள்ளைக்காரன் வெள்ளைக்கல்லிலை தன்னைத்தானே கும்பிட்ட கலை. இதிலை என்னத்தைக் கண்டு நீங்கள் உருகிறியள்?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரவு வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் பதில் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. ஊரில் பதினொரு வருடங்கள் கலை வரலாறு கற்பித்தவன், இங்கு பதினான்கு வருடங்களாகக் கல் வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவன் என்ற இரண்டு தகுதிகளோடும் அதற்குப் பதில் எழுத முயல்கிறேன். இரண்டாவது தகுதி இல்லாமல் முதலாவதை மட்டும் வைத்து எழுதியிருந்தால் இக்கட்டுரை வேறொன்றாக இருந்திருக்கும்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். எமது தொழிற்சாலையில் சமையலறை மேடைகளுக்கான பலகைகள் வெட்டப்படுகின்றன. இன்று அதிகம் போவது செயற்கைக் குவாட்ஸ். அதில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் சிலிக்கா இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலைத் தின்பது என்பதற்காகவே அவுஸ்திரேலியா 2024 ஜூலையில் அதைத் தடை செய்தது. கனடாவில் நாங்கள் இன்னமும் தண்ணீரைப் பாய்ச்சி, முகமூடி போட்டு அதை வெட்டிக்கொண்டிருக்கிறோம். இடைக்கிடை இத்தாலியின் கராராவிலிருந்து உண்மையான சலவைக்கல் வரும். அது சுண்ணாம்பின் இனம். தேசிக்காய்ப் புளியோ பழப்புளியோ பட்டால் அரித்து மங்கிப் போகும். எங்கள் ஆட்களின் சமையலறைக்குச் சற்றும் பொருந்தாத கல். ஆனால் அதை மினுக்கும் நாளில் வேலை எனக்குப் பாரமாகத் தெரிவதில்லை. "என்ன சேர், கல்லோடை கதைக்கிறியளோ?" என்று கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் கேட்பான்.

அந்தக் கல்லின் விளிம்பில் ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒளி மேற்பரப்பில் பட்டுத் தெறிக்காமல் கல்லுக்குள் சிறிது தூரம் ஊறிச் சென்று, உள்ளேயுள்ள கல்சைற் பளிங்குகளில் சிதறி, மென்மையாகத் திரும்பி வரும். மனிதத் தோலிலும் ஒளி இப்படித்தான் நடந்துகொள்கிறது. சலவைக்கல்லில் செதுக்கிய கன்னமோ தோளோ உயிருள்ளதுபோல் தோன்றுவதற்குச் சிற்பியின் திறமை பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி இந்தப் பௌதிகம். எங்கள் கோவில்களின் கருங்கல்லில் ஒளி பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆகவே எங்கள் சிற்பி நிழலை வைத்து வேலை செய்தான். ஆழமாக வெட்டி, இருளைக் குழிகளில் தேக்கி, உருவத்தை முன்னே தள்ளினான். சலவைக்கல் சிற்பிக்கு அத்தனை ஆழம் தேவைப்படவில்லை. மயிரிழை அளவு வளைவே அவனுக்குப் போதுமாயிருந்தது. இவ்விரண்டு கல்லுக்கும் இடையில் உயர்வு தாழ்வு இல்லை. ஒவ்வொரு கல்லும் தனக்கேயுரிய உணர்ச்சியைத்தான் அனுமதிக்கும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

இனி அந்தக் காலத்தைப் பற்றி. 1738இல் ஹேர்குலேனியத்திலும் 1748இல் பொம்பேயிலும் அகழ்வுகள் தொடங்கின. சாம்பலுக்கடியில் இருந்து ஒரு பழைய உலகம் அப்படியே வெளியே வந்தது. சப்பாத்துத் தைப்பவர் ஒருவரின் மகனான வின்கெல்மன் என்ற ஜேர்மானியர், கிரேக்கச் சிற்பத்தின் மகத்துவம் அதன் எளிமையிலும் அமைதியிலும் இருக்கிறது என்று எழுதினார். அவரது பெரிய நூல் 1764இல் வெளிவந்தது. அவர் கிரேக்கத்துக்கு ஒருபோதும் போனதில்லை. அவர் உரோமாபுரியில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை கிரேக்க மூலங்களின் உரோமப் பிரதிகளே. கிரேக்கர்களோ தங்கள் சிலைகளுக்கு வர்ணம் பூசியவர்கள். உதடு, கண், ஆடைக்கரை எல்லாம் நிறத்தோடு இருந்தன. மண்ணுக்குள் கிடந்து நிறம் உதிர்ந்த எலும்பைத்தான் ஐரோப்பா அழகென்று கண்டது. இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்றால், 1937-38இல் பிரித்தானிய நூதனசாலையில் பார்த்தெனன் சிற்பங்களை 'வெள்ளையாக்க' வேண்டுமென்று செப்பு ஆயுதங்களாலும் காபொரண்டத்தாலும் சுரண்டினார்கள். உரைகல் போன்ற அந்தக் காபொரண்டத்தை நான் தினமும் கையில் எடுப்பவன். அது கல்லின் தோலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ஆக, எனது நண்பரின் சந்தேகத்தில் ஒரு பகுதி சரியே. வெண்மை என்பது ஒரு பிழையான வாசிப்பிலிருந்து பிறந்தது. பின்னர் அந்த வெண்மை இனத்தின் வெண்மையோடும் சேர்த்துப் பேசப்பட்டது. ஆனால் ஒரு தவறான வாசிப்பிலிருந்து உண்மையான கலை பிறக்கமுடியாதா? இலக்கியம் படித்த எங்களுக்கு இது புதிதல்ல.

அந்தப் பிழையிலிருந்து மூன்று பெரிய சிற்பிகள் வந்தார்கள். இத்தாலியில் கல்வேலை செய்தவர் ஒருவரின் பேரனான அந்தோனியோ கனோவா, டென்மார்க்கின் தோர்வால்ட்ஸன், இங்கிலாந்தின் ஜோன் பிளாக்ஸ்மன். மூன்றாமவரே எங்கள் தஞ்சாவூர்க் கதைக்கு உரியவர்.

2003இல், சமாதான காலத்தில், ஒரு ஆய்வுக்காகத் தஞ்சாவூருக்குப் போயிருந்தேன். பெரிய கோவிலைப் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள சிவகங்கைப் பூங்காவை அண்டியிருக்கும் தேவாலயத்துக்குள் வெயிலுக்கு ஒதுங்குவதற்காகத்தான் நுழைந்தேன். 1779இல் கட்டப்பட்டது அது. அதைக் கட்டுவித்த கிறிஸ்தியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிரஷ்யாவில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் வாழ்ந்து 1798 பெப்ரவரியில் தஞ்சாவூரிலேயே இறந்த பாதிரியார். தஞ்சை மராத்திய அரசர் துளஜா 1787இல் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைப் பாதுகாத்து, படிப்பிப்பித்து, அவன் உரிமைக்காக வாதாடியவர். சரபோஜி கிறிஸ்தவரானவரல்ல. கடைசிவரை சைவக் கோவில்களுக்குக் கொடை கொடுத்த அரசர். ஆனால் கிழவர் இறந்தபோது உடலைப் பார்த்து அழுது, பொன்னாடை போர்த்தினார் என்று அன்றிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னர் 1801இல், ஒரு நினைவுச் சின்னம் செய்து அனுப்பும்படி இங்கிலாந்துக்கு எழுதினார். பிளாக்ஸ்மன் அதைச் செய்தார்.

சிற்பத்தில் கிழவர் படுத்திருக்கிறார். அரசர் நின்றபடி அவர் கையைப் பற்றியிருக்கிறார். கட்டிலின் தலைமாட்டில் இன்னொரு பாதிரியார். அரசரின் பின்னால் அவரது ஆட்கள். கட்டிலோரத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்கள். யாருடைய முகமும் கோணவில்லை. வாய் திறந்திருக்கவில்லை. ஆடைகளின் மடிப்புகள் நீர் வடிவதுபோல் கீழே இறங்குகின்றன. எல்லாக் கோடுகளும் போய்ச் சேருமிடம் அந்த இரண்டு கைகள்.

இது நடந்ததை நடந்தபடி காட்டும் சிற்பம் அல்ல. பிளாக்ஸ்மன் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. சுவார்ட்ஸ் இறந்த அன்று சரபோஜி அரசராகவும் இல்லை. சில மாதங்களின் பின்னரே அரியணை ஏறினார். இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு நின்றும் என்னால் அந்தக் கைகளை விட்டு நகரமுடியவில்லை. ஏன் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தெரிந்தது 2016இல். அம்மா ஊரில் இறந்துபோனா. அகதியாக ஏற்கப்பட்ட ஒருவன் தான் தப்பிவந்த நாட்டுக்கே திரும்பிப் போவதிலுள்ள சிக்கல் இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரவு வேலையின் இடைவேளையில், தொழிற்சாலைச் சாப்பாட்டறையின் மூலையில் நின்று, கைத்தொலைபேசியில் செத்தவீட்டைப் பார்த்தேன். அங்கே காலை. பெரியம்மாவும் மாமிமாரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒலி விட்டுவிட்டு வந்தது. அரை மணித்தியாலம் முடிந்ததும் மணி அடித்தது. நான் போய் மெஷினைப் போட்டேன். அழவில்லை. அழுவதற்கு இடமிருக்கவில்லை என்பதே சரி.

ஸ்காபறோவில் ஒரு உறவினரின் இறுதிக் கிரியைக்குப் போனபோது இன்னொன்று நடந்தது. வயதான மாமி ஒருவர் நெஞ்சிலடித்து ஒப்பாரி தொடங்கினார். மண்டபத்து ஊழியர் மெல்ல வந்து, அம்புலன்ஸ் கூப்பிடவா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அவரில் பிழையில்லை. துக்கத்தை நோயாகக் கண்டுகொள்ளும் ஒரு பண்பாட்டிலிருந்து வந்தவர் அவர். ஆனால் மாமி வாயை மூடிக்கொண்டார். பிறகு அந்த இரண்டு மணித்தியாலமும் யாருமே பெரிதாக அழவில்லை. நாங்கள் எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். சலவைக்கல் உருவங்கள்போல் நின்றோம் என்று சொன்னால் அந்த உருவங்களுக்கு அவமதிப்பு. ஏனென்றால் அவற்றின் மௌனம் வேறு.

இந்த வேறுபாட்டை விளக்க இரண்டு உதாரணங்கள் உதவும். 1506இல் உரோமாபுரியில் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட லவோகூன் சிற்பத்தில், பாம்புகள் சுற்றிய தந்தை ஏன் வாய்விட்டு அலறவில்லை என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய விவாதம். லெஸிங் 1766இல் எழுதிய நூலில் சொன்ன விளக்கம் இது: கவிதை காலத்தில் நகர்வது, அதில் அலறல் வந்து போய்விடும். சிற்பத்திலோ ஒரு கணம் நிரந்தரமாகிவிடும். திறந்த வாய் நிரந்தரமானால் பார்ப்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆகவே சிற்பி உச்சக் கணத்துக்குச் சற்று முன்னாலேயோ பின்னாலேயோ நிறுத்துகிறான், மீதியைப் பார்ப்பவனின் கற்பனை முடிக்கட்டும் என்று. ஒப்பாரி காலத்தில் நகர்வது. அது கவிதையின் பக்கத்தைச் சேர்ந்தது. எங்கள் மரபு துக்கத்தைக் குரலுக்குக் கொடுத்தது, கல்லுக்கு வீரத்தையும் தெய்வத்தையும் கொடுத்தது. நடுகல்லில் ஆயுதம் ஏந்தி நிற்பவன் விழப்போகும் வீரன். அவனுக்காக அழும் தாயைக் கல்லில் காண்பது அரிது.

இரண்டாவது உதாரணம் வியன்னாவில், அகுஸ்தீனர் தேவாலயத்தில் இருக்கிறது. 1798இல் இறந்த இளவரசி மரியா கிறிஸ்தினாவுக்காக அவரது கணவர் கனோவாவைக் கொண்டு செய்வித்த நினைவிடம். 1805இல் முடிந்தது. சுவரோடு ஒரு வெள்ளைப் பிரமிட். அதன் நடுவில் ஒரு இருண்ட வாசல். சிறு ஊர்வலம் ஒன்று படியேறி அந்த வாசலை நோக்கிப் போகிறது. அஸ்திக் கலசம் ஏந்திய பெண், பக்கத்தில் சிறுமிகள், பின்னால் ஒரு குருட்டுக் கிழவனைத் தாங்கிக்கொண்டு இன்னொருத்தி. இறந்தவரின் முகம் மேலே ஒரு பதக்கத்தில் மட்டும். போகிறவர்களோ எம்மைப் பார்க்கவில்லை. தலை குனிந்து, தம் போக்கில் போகிறார்கள். படியில் விரிந்து கிடக்கும் கம்பளத் துணிகூடக் கல்தான். இன்னொன்று: இளவரசியின் உடல் அங்கே இல்லை. அது கப்புச்சின் தேவாலயத்தின் கீழுள்ள அரச நிலவறையில் இருக்கிறது. உடல் இல்லாத இடத்தில், உடலை நோக்கிப் போகும் ஒரு ஊர்வலம்.

அம்மா இறந்து சில மாதங்களின் பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலகத்திலிருந்து கொண்டுவந்த கனோவா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் வந்தது. இதைப் பற்றி மாணவர்களுக்கு எத்தனையோ தடவை விரிவுரை செய்தவன் நான். பிரமிட், முக்கோண அமைப்பு, உருவகம் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதியவன். அன்று முதன்முறையாக அந்தக் கிழவனைக் கண்டேன். அவனும் பிந்தித்தான் வருகிறான். உடல் இல்லாத இடத்துக்குத்தான் வருகிறான். அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்தச் சிற்பம் எனக்காக அழவில்லை என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அது தன் துக்கத்தை அடக்கி வைத்திருந்தபடியால் என் துக்கத்துக்கு அங்கே இடம் இருந்தது. ஒளியைச் சிறிது உள்ளே விட்டுத் திருப்பித் தரும் கல்லின் இயல்பும் இதுவேதான். மண்டபத்தில் எம்மைப் பிடித்த மௌனம் வெளியிலிருந்து விதிக்கப்பட்டது. அதில் யாரும் நுழையமுடியாது. கனோவாவின் மௌனத்தில் ஒரு வாசல் இருக்கிறது.

ஆனால் எல்லாத் துக்கத்துக்கும் இந்த மௌனம் பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியில் மேல்நோக்கி நீண்ட கைகள் இருந்தன. 2021 ஜனவரியில் அது இரவோடிரவாக இடிக்கப்பட்டு, எதிர்ப்பின் பின் அதே வருடம் ஏப்ரலில் மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது. அந்தக் கைகள் அலறுகின்றன. அவை அலறத்தான் வேண்டும். நடந்ததே மறுக்கப்படும்போது அமைதி ஒரு ஆடம்பரம். லெஸிங்கின் விதி அங்கே செல்லாது. இயற்கையாக முதுமையில் இறந்த தாய்க்கும், மறுக்கப்பட்ட மரணங்களுக்கும் ஒரே வடிவம் போதாது.

இனி நண்பரின் கேள்வியின் கடினமான பகுதிக்கு வருகிறேன்: அதிகாரம். இங்கே பிளாக்ஸ்மனின் இன்னொரு வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒக்ஸ்போர்ட்டில் யூனிவேர்சிற்றி கொலிஜின் தேவாலயத்தில் சேர் வில்லியம் ஜோன்சுக்கு அவர் செய்த புடைப்புச் சிற்பம் உள்ளது. ஜோன்ஸ் கதிரையில் அமர்ந்து மேசையில் எழுதுகிறார். மூன்று பண்டிதர்கள் தரையில் குந்தியிருக்கிறார்கள். சட்டம் அவர்களிடமிருந்தே வருகிறது. ஆனால் சட்டம் கொடுப்பவர்போல் மேலே இருப்பவர் ஜோன்ஸ். காலனித்துவ அறிவு எப்படி உருவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது.

தஞ்சாவூரில் அதே சிற்பி, அதே வெள்ளைக்கல், கிட்டத்தட்ட அதே வருடங்கள். ஆனால் இங்கே இந்திய அரசர் நிற்கிறார். வெள்ளைக்காரர் படுத்திருக்கிறார். பிடிப்பவன் கை அரசனுடையது. காரணம் எளிது: காசு கொடுத்தவர் சரபோஜி. தன்னை வளர்த்தவருக்குத் தான் செய்யவேண்டிய கடனை, அக்காலத்தின் மிக உயர்ந்ததெனக் கருதப்பட்ட மொழியில், தன் சொந்தச் செலவில் செய்தார். சுவார்ட்ஸுக்காகக் கிழக்கிந்தியக் கம்பனியும் சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் ஒரு சலவைக்கல் சின்னம் வைத்தது. அதைச் செய்தவர் இளைய ஜோன் பேக்கன். கம்பனி தனக்கு உதவிய ஒருவரை நினைத்தது. அரசர் தன்னை வளர்த்த ஒருவரை நினைத்தார்.

அதற்காக இச்சிற்பம் களங்கமற்றது என்று ஆகாது. சுவார்ட்ஸ் இறந்த மறுவருடம், 1799இல், சரபோஜி ஓர் உடன்படிக்கையில் தஞ்சாவூரின் நிர்வாகத்தைக் கம்பனியிடம் ஒப்படைத்தார். மிஞ்சியது கோட்டையும், ஓய்வூதியமும், வருமானத்தில் ஐந்திலொரு பங்கும். ஆக, சின்னத்துக்கு அவர் எழுதியபோது நாடு கையில் இல்லை. சிற்பத்தில் நிமிர்ந்து நிற்கும் அரசன் உண்மையில் அரசிழந்த அரசன். கம்பீரமான அந்த அமைதி இந்த இழப்பை மறைக்கிறது. மறைக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது எனக்கு அந்தக் கைப்பிடி இன்னும் கனக்கிறது. எதை இழந்தவன் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு சிற்பம் சொல்லும் அரசியலை நம்பாமலே அதன் முன் உருகி நிற்க முடியும். உருகி நின்றபடியே அதன் அரசியலைக் கேள்வி கேட்கவும் முடியும். இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம் என்பது எங்கள் விமர்சகர்கள் எமக்குப் போட்ட விலங்கு.

இன்னொரு அதிகாரமும் இருக்கிறது. விரிவுரையாளனாக இருந்தபோது அது என் கண்ணில் படவேயில்லை. இந்தச் சிற்பங்களை யார் செதுக்கினார்கள்?

நவசெவ்வியல் பட்டறை ஒரு தொழிற்சாலை. சிற்பி களிமண்ணில் மாதிரி செய்வார். அதிலிருந்து பிளாஸ்டரில் வார்ப்பு எடுக்கப்படும். வார்ப்பில் அளவுப் புள்ளிகள் குறித்து, அவற்றைக் கருவியால் அளந்து கல்லுக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் குறித்த ஆழத்துக்குத் துளையிட்டு, இடையிலுள்ள கல்லை அகற்றுவார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் கூலிக்கு வந்த கல்தச்சர்கள். கனோவா கடைசிக் கையை மட்டும் தனக்கென வைத்திருந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, தோலின் கடைசி மென்மையைத் தானே அரத்தால் முடிப்பார். பிளாக்ஸ்மன் அதைக்கூடப் பெரும்பாலும் உதவியாளர்களிடம் விட்டவர். அவருக்குக் கோடே முக்கியம்.

சுவிற்சர்லாந்தில் வாழும் வாசகர்கள் லுசேர்னில் உள்ள சிங்கத்தைப் பார்த்திருப்பார்கள். 1792இல் பாரிசில் கொல்லப்பட்ட சுவிஸ் காவற்படையினருக்கான சின்னம். தோர்வால்ட்ஸன் அதற்கு மாதிரி செய்தார். மலைப்பாறையில் அதை வெட்டியவர் லூக்காஸ் ஆர்ன் என்ற கல்தச்சர். அது 1821இல் முடிந்தது. அது சலவைக்கல் அல்ல, மணற்கல். ஆயினும் உதாரணம் பொருந்தும். இங்கே கல்தச்சரின் பெயர் தப்பிவிட்டது. மற்ற இடங்களில் பெரும்பாலும் தப்பவில்லை. தஞ்சாவூர்ச் சிற்பத்தில் அந்த இரண்டு கைகளின் விரல்களை மினுக்கியவர் யாரென்று கல்லில் எழுதப்படவில்லை.

பிளாக்ஸ்மனின் சொந்த வாழ்க்கையும் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. அவர் பிளாஸ்டர் வார்ப்புகள் செய்பவரின் மகன். 1775 முதல் வெட்ஜ்வூட்டின் மட்பாண்டத் தொழிற்சாலைக்கு மாதிரிகள் செய்து பிழைத்தவர். நீலப் பின்னணியில் வெள்ளை உருவங்கள் ஒட்டிய அந்தப் பீங்கான்களில் பழகிய கைதான் பின்னர் இந்த மரணப்படுக்கையை வரைந்தது. 1810இல் அவர் றோயல் அக்கடமியின் முதலாவது சிற்பப் பேராசிரியரானார். தொழிற்சாலையிலிருந்து பேராசிரியர் பதவிக்குப் போனவர். நான் மறுபக்கமாக வந்தவன். இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சில நாட்களில் இதை நினைத்துச் சிரிப்பேன். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். ஒரு பரப்பை ஐம்பதாம் இலக்கத் தேய்ப்பிலிருந்து மூவாயிரம் வரைக்கும் படிப்படியாகத் தேய்த்து முடிப்பது என்றால் என்ன என்று இன்று எனது மணிக்கட்டுக்குத் தெரியும். அந்த அறிவோடு திரும்பிப் பார்க்கும்போது, கரும்பலகையில் நான் எழுதிய 'வடிவம்', 'உள்ளடக்கம்' என்ற சொற்களுக்கு நடுவில் ஒரு முழு மனிதக் கூட்டம் விடுபட்டிருந்தது தெரிகிறது.

கடைசியாக, எங்களுக்குப் பக்கத்திலுள்ள சலவைக்கல் பற்றி. ரொறொன்ரோ நகரின் மையத்தில் 1913இல் திறக்கப்பட்ட ரொறொன்ரோ வங்கியின் கட்டடம் கிரேக்கக் கோவில்போலத் தூண்களோடு நின்றது. 1966இல் அதை இடித்தார்கள். அதன் தூண்களை ஸ்பென்சர் கிளார்க் என்பவர் மீட்டு வந்தார். 1982இல் கட்டடக் கலைஞர் றொன் தொம் அவற்றைக் கொண்டு ஸ்காபறோவில் கில்ட் பூங்காவில் ஒரு திறந்தவெளி அரங்கை அமைத்தார். வோபர்னிலிருந்து தெற்கே ஏரியை நோக்கிப் போனால் பஸ்ஸில் சிறிது நேரம். அதே நகர மையத்தில் 1975இல் எழுந்த எழுபத்திரண்டு மாடி வங்கிக் கட்டடத்துக்குச் சுமார் 45,000 கராராச் சலவைக்கல் தகடுகள் ஒட்டினார்கள். மெல்லிய தகடுகள் எங்கள் குளிரிலும் வெயிலிலும் வளைந்து போயின. 2007இல் ஒன்று கழன்று விழுந்தது. 2012க்குள் எல்லாவற்றையும் அகற்றிக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். வலிமையின் அடையாளமாக இந்தக் கல்லை உயர்த்தியவர்களை அது ஏமாற்றியிருக்கிறது. அது மென்மையான கல். புளிக்கும் குளிருக்கும் தாங்காத கல்.

கில்ட் பூங்காவில் கோடைகாலச் சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் கூறைச்சேலையோடும் பட்டு வேட்டியோடும் அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்று கல்யாணப் படம் எடுக்கிறார்கள். இடிந்த வங்கியின் தூண் என்று யாருக்கும் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. சென்ற ஆவணியில் ஒரு பாட்டி கூட்டத்திலிருந்து விலகி வந்து தூணைக் கையால் தடவினா. "சில்லெண்டு கிடக்கு" என்றா என்னைப் பார்த்து. பிறகு கையை எடுக்காமல் சிறிது நேரம் அப்படியே நின்றா. அவ யாரை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சந்திப்புக்கும் தஞ்சாவூர்ப் படத்தைக் கொண்டுவருவேன். நண்பர் முகங்களையும் தலைப்பாகையையும் விட்டுவிட்டு, இந்தத் தடவை அந்த இரண்டு கைகளை மட்டும் பார்க்கட்டும். பிறகு விவாதிப்போம்.